புது ஆட்களுக்கு மட்டும்

டெல்மர் ஹூபெக்குக்கு மீன் வறுக்கத் தெரியும், பேசத் தெரியாது. முப்பத்தெட்டு வருடம் அதனால் எந்தக் குறையும் வரவில்லை. பேசுகிற வேலையை அவன் மனைவி ஆர்டிஸ் பார்த்துக்கொண்டாள். அவன் அடுப்படியில், அவள் வாசலில். பிரெம்ஸ்டாட் ஏரிக்கரையில் அவன் அப்பா கட்டிய பிர்ச் பாயின்ட் சப்பர் கிளப் அப்படித்தான் ஓடியது. கிளப் என்று பெயரே ஒழிய சந்தாவும் கிடையாது, உறுப்பினரும் கிடையாது. யார் வேண்டுமானாலும் வந்து சாப்பிடலாம். ஆனால் வெள்ளிக்கிழமை மாலை எந்த மேஜையில் உட்காரலாம் என்பது வேறு விஷயம்.

வடக்கு விஸ்கான்சினில் வெள்ளிக்கிழமை என்றால் மீன். காலையில் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் சாயங்காலம் மீன்தான். பெர்ச் மீனை பீர் விட்டுக் கரைத்த மாவில் முக்கி வறுத்து, பக்கத்தில் உருளைக்கிழங்கு அடை, முட்டைக்கோஸ் சாலட், ரை ரொட்டி. அதற்கு முன்னால் பிராந்தியில் சர்க்கரையும் ஆரஞ்சுத் துண்டும் செர்ரியும் போட்டு ஒரு கிளாஸ். கூடவே முள்ளங்கி, காரட், ரொட்டியில் தடவித் தின்ன சீஸ் எல்லாம் வைத்த காய்த்தட்டு, அதற்குக் காசில்லை. முன்பதிவு என்ற பேச்சே கிடையாது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நேரம், ஒரு மேஜை. யாரும் எழுதிவைக்கவில்லை, யாரும் மீறியதும் இல்லை.

நாலரை மணிக்கு ஆல்வின் டோர்னும் அவர் மனைவி லொரெய்னும் வருவார்கள். ஏரியைப் பார்த்த மூலை மேஜை அவர்களுடையது. ஆல்வின் பால் பண்ணை வைத்திருந்து மாடுகளை விற்றுவிட்டவர். ஆனாலும் பால் கறக்கிற நேரத்துக்குள் சாப்பிட்டு முடிக்கிற பழக்கம் போகவில்லை. முப்பத்தொரு வருடம் அந்த மேஜை. ஐந்தேகாலுக்கு ஓரின் கில்பெர்ட்சனும் வயோலாவும். முந்தின வருடம் ஓரின் போய்ச் சேர்ந்தபோது, வழக்கப்படி சாவுச் சாப்பாடு பிர்ச் பாயின்டில்தான் நடந்தது. ஊரில் யார் இறந்தாலும் சர்ச்சிலிருந்து நேரே இங்கே வருவார்கள். டெல்மர் பன்றித்தொடை ஹாமும் சீஸ் போட்ட உருளைக்கிழங்கும் பண்ணிவைப்பான். அவன் அப்பா காலத்திலிருந்து அப்படி. வேறு எங்கே போவார்கள் என்று யாரும் யோசித்ததுகூட இல்லை.

ஆர்டிஸிடம் ஒரு செருப்புப் பெட்டி இருந்தது. வருகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு சீட்டு. பெயர், விலாசம், பிறந்தநாள், யாருக்கு வெங்காயம் ஆகாது, யாருக்கு ரொட்டியின் ஓரம் வேண்டாம். பிறந்தநாள் வந்தால் தன் கையால் ஒரு கார்டு எழுதித் தபாலில் போடுவாள். அந்த ஊருக்குத் தெரிந்த ஒரே விளம்பரம் அதுதான். அதை விளம்பரம் என்று அவள் நினைக்கவில்லை, வாங்கினவர்களும் நினைக்கவில்லை.

அந்த வருடம் குளிர்காலம் மோசம். பனி சரியாக விழவில்லை, பனிவண்டி ஓட்டுகிறவர்கள் வரவில்லை. வாரநாள் முழுக்க மேஜைகள் காலியாகக் கிடந்தன. டெல்மருக்கு அறுபத்தொரு வயது. அப்பா கையில் ஓடின கடை தன் கையில் நின்றுவிடுமோ என்று அவன் பயந்தான். பேசத் தெரியாதவனுக்குப் பயம் வந்தால் அது உள்ளேயே கிடந்து அரிக்கும். வெளியே யாருக்கும் தெரியாது.

மே மாதத்தில் சிகாகோவிலிருந்து ஒரு போன் வந்தது. இணையத்தில் கூப்பன் விற்கிற கம்பெனி. போனில் வந்த பெண்ணுக்குப் பேசத் தெரிந்தது.

"சார், உங்க ஏரி, உங்க மீன், எல்லாம் தங்கம் சார். ஆனா யாருக்குத் தெரியுது? புது ஆளுங்கள உள்ள கொண்டுவரணும். ரெண்டு பேர் சாப்பாடு பாதி விலைக்குன்னு போடுவோம். ஒரு தடவ வந்தா மறுபடி வராம போவாங்களா?"

"எங்க பழைய ஆளுங்க…" என்று டெல்மர் இழுத்தான்.

"அவங்க எப்படியும் வருவாங்க சார். அவங்களுக்குப் போய் எதுக்குத் தள்ளுபடி? புது ஆட்களுக்கு மட்டும்னு போட்டுடலாம். எத்தன கூப்பன் விக்கலாம்னு ஏதாச்சும் வரம்பு வெக்கணுமா?"

"வரம்பு எதுக்கு?" என்றான் டெல்மர். வாழ்க்கையில் அவன் கேட்ட கேள்விகளிலேயே மடத்தனமான கேள்வி அதுதான்.

இரவுச் சாப்பாட்டில் ஆர்டிஸிடம் சொன்னான். அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வெள்ளிக்கெழமைக்குமா?"

"எல்லா நாளைக்கும்தான்."

"வெள்ளிக்கெழம நம்மகிட்ட எடம் எங்க இருக்கு டெல்? செவ்வாக்கெழம, புதங்கெழமதான காத்தாடுது? அன்னிக்கு மட்டும்னு சொல்லேன்."

"மீன் வெள்ளிக்கெழமதான?"

"அப்ப நம்ம ஆளுங்க?"

"அவங்க எப்படியும் வருவாங்க."

ஆர்டிஸ் எழுந்தாள். தட்டைக் கழுவப் போனாள். கையெழுத்து ஏற்கெனவே போட்டாகிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஆயிரத்து எண்ணூறு கூப்பன் விற்றது.

ஜூன் முதல் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கே வண்டிகள் புல்வெளி மேல் ஏறி நின்றன. மில்வாக்கி, மேடிசன், இல்லினாய் நம்பர் பலகைகள். டெல்மருக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு எண்ணெய்ச் சட்டி போதாமல் மூன்றாவது ஏற்றினான். வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. சிரித்தார்கள், ஏரியைப் படம் எடுத்தார்கள், "இவ்வளவு அழகான இடமா!" என்றார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். பிராந்தி வேண்டாம் என்றார்கள். காய்த்தட்டை ஐந்து நிமிடத்தில் காலி பண்ணிவிட்டு இன்னொன்று கேட்டார்கள். மூன்றாவது வாரம் டெல்மர் காய்த்தட்டையே நிறுத்திவிட்டான். எல்லாருக்கும்தான் நிறுத்தினான், நாற்பது வருடமாக வருகிறவர்களுக்கும் சேர்த்து.

அந்த வாரம்தான் ஆல்வின் ஒரு கூப்பன் காகிதத்தை நீட்டினார். அவருடைய பேத்தி கணினியில் வாங்கி, அச்செடுத்து, தாத்தாவுக்கும் பாட்டிக்கும் கல்யாண நாள் பரிசாகக் கொடுத்திருந்தாள். பரிமாறுகிற பெண்ணுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அடுப்படிக்கு வந்து டெல்மரைக் கூப்பிட்டாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டே மூலை மேஜைக்கு வந்தான். ஆர்டிஸ் அப்போது வாசலில் வரிசையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் இருந்திருந்தால் அந்தக் காகிதத்தை வாங்கி மடித்துப் பையில் போட்டுக்கொண்டு கதை முடிந்திருக்கும்.

டெல்மர் அதைப் படித்தான். கம்பெனிக்காரி சொன்னது நினைவுக்கு வந்தது. விதியை மீறினால் பணத்தைப் பிடித்துவிடுவார்களோ என்ற பயம். அவனுக்கு எப்போதும் ஏதாவது ஒரு பயம்.

"ஆல்வின்… இது வந்து… புது ஆளுங்களுக்கு மட்டுந்தான் போட்டிருக்கு."

ஆல்வின் அவனை அண்ணாந்து பார்த்தார். பிறகு அந்தக் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"ஓ, அப்படியா. எங்களுக்குத் தெரியலப்பா. பரவாயில்ல."

"இல்ல, நான் என்ன சொல்றேன்னா…"

"பரவாயில்ல, பரவாயில்ல. நீ போ, எண்ணெ காயப்போவுது."

முழு விலையும் கொடுத்தார். பரிமாறிய பெண்ணுக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகவே வைத்துவிட்டுப் போனார்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சண்டை போடத் தெரியாது. கத்தமாட்டார்கள், முகத்தைத் திருப்பிக்கொள்ளமாட்டார்கள், ஊரெல்லாம் புறம் பேசமாட்டார்கள். 'பரவாயில்ல' என்பார்கள். ஒரு தரம் சொன்னால் உண்மையிலேயே பரவாயில்லை. மூன்று தரம் சொன்னால், சொன்ன ஆள் இனி உங்கள் வாசலை மிதிக்கப்போவதில்லை. நல்ல மனிதர்கள்தான், ஆனால் இந்த நல்லதனம் ஆளைக் கொன்றுவிடும். கத்தித் தொலைத்தாலாவது என்ன தப்பு என்று புரியும்.

ஆல்வின் அப்படியும் அடுத்த வாரம் வந்தார். அதைத்தான் டெல்மர் பின்னால் நினைத்து நினைத்து நொந்துபோனான். நாலரைக்கு வந்தார்கள். மூலை மேஜையில் மேடிசனிலிருந்து வந்த ஆறு பேர் இரண்டு மேஜையை ஒட்டிப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கோட்டு மாட்டுகிற கம்பிக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். லொரெய்னுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. ஆர்டிஸ் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். அரை மணி, முக்கால் மணி, ஒரு மணி. அடுப்படி ஜன்னல் வழியாக டெல்மர் அவர்களைப் பார்த்தான். போய் ஏதாவது சொல்லலாம் என்று நினைத்தான். மூன்று சட்டியும் கொதித்துக்கொண்டிருந்தன. அடுத்த முறை அவன் தலையைத் தூக்கியபோது நாற்காலி காலியாக இருந்தது.

"போயிட்டாங்களா?" என்று ஆர்டிஸிடம் கேட்டான்.

"போயிட்டாங்க."

"என்ன சொன்னாங்க?"

"என்ன சொல்லுவாங்க? பரவாயில்லன்னாங்க."

அதற்கடுத்த வாரம் அவர்கள் வரவில்லை. பிறகு வயோலா வரவில்லை. பிறகு எண்ணெய்க் கிடங்கு ஹார்வி, பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிற நார்மா, கட்டுமஸ்தான மூன்று ஸ்விட்டாலா சகோதரர்கள் என்று ஒவ்வொருவராக நின்றார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆர்டிஸ் ஒவ்வொரு வெள்ளியும் அவர்கள் பெயரை எண்ணிக்கொண்டு வந்தாள்.

"டெல், இன்னிக்கு நம்மாளு ஒருத்தர்கூட இல்ல. கவனிச்சியா?"

"கூப்பன் டிசம்பரோட முடியுது. முடிஞ்சதும் வந்துடுவாங்க."

"வரலன்னா?"

"வராம எங்க போவாங்க?"

எங்கே போவார்கள் என்பது ஜனவரியில் தெரிந்தது. கூப்பன் முடிந்தது. மேடிசன்காரர்கள் வரவில்லை. அவர்கள் வேறு ஏரியில் வேறு கூப்பனுக்குப் போயிருப்பார்கள், அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. ஜனவரியின் இரண்டாவது வெள்ளிக்கிழமை, பனியை வாரித் தள்ளிச் சுத்தமாக்கி வைத்த அவ்வளவு பெரிய முற்றத்தில் நாலு வண்டி நின்றது. அதில் இரண்டு வேலைக்காரர்களுடையது. ரொட்டி வாங்க ஊருக்குள் போனபோது டெல்மர் பார்த்தான், முன்னாள் படைவீரர் சங்கக் கூடத்துக்கு வெளியே தெரு முனைவரைக்கும் வண்டிகள். ஆல்வினின் பச்சை நிறப் பிக்கப் வண்டி கதவுக்குப் பக்கத்திலேயே நின்றது. அங்கே போடுவது பெட்டியில் உறைந்து வருகிற மீன். மாவு தோல் தோலாகக் கழன்று வரும். தின்கிறவர்களுக்கும் அது தெரியும்.

பெட்ரோல் போடுகிற இடத்தில் ஹார்வி எதிரே வந்தான்.

"என்ன டெல், இன்னிக்கு சிகாகோ பெரிய மனுஷங்க யாரும் வரலியா?"

"இல்ல… அதெல்லாம் முடிஞ்சுபோச்சு. நீங்கல்லாம் வரலாம்ல?"

"வரணும், வரணும். வருவோம்யா," என்றான் ஹார்வி, பெட்ரோல் குழாயைப் பார்த்துக்கொண்டே.

வீட்டுக்கு வந்து ஆர்டிஸிடம் சொன்னான். அவள் உடனே சொன்னாள், "வீடு வீடா போ டெல். ஆல்வின் வீட்டுலேர்ந்து ஆரம்பி. தப்பு பண்ணிட்டேன், வாங்கன்னு சொல்லு. நாலு வார்த்ததான்."

"நான் போய் என்னத்த பேசுறது?"

"அதான் சொன்னேனே, நாலு வார்த்த."

"நீ போயேன்."

"அந்தக் காயிதத்த நானா திருப்பிக் கொடுத்தேன்?"

போகிறேன் என்றான். அடுத்த வாரம் போகிறேன் என்றான். பனி கொஞ்சம் குறையட்டும் என்றான். பிப்ரவரி ஒன்பதாம் தேதி காலையில் ஆல்வின் டோர்ன் வாசலில் பனி வாரிக்கொண்டிருந்தபோது மாரைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

டெல்மர் அன்று மத்தியானமே இரண்டு பெரிய ஹாமை வெளியே எடுத்துவைத்தான். உருளைக்கிழங்கை வேகவைத்துத் தோலுரித்தான். சாவுச் சாப்பாட்டில் முகத்தைப் பார்த்துப் பேசிவிடலாம், லொரெய்னின் கையைப் பிடித்துக்கொண்டால் பேசவேகூட வேண்டியிருக்காது என்று நினைத்தான். அடுப்படியில் போன் பக்கத்திலேயே நின்றான். அன்று போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாள், சாப்பாடு சர்ச்சின் கீழ்த்தளத்தில் என்றும் சங்கக் கூடத்துப் பெண்கள் செய்கிறார்கள் என்றும் சர்ச் அறிவிப்பில் இருந்தது.

இரண்டு பேரும் போனார்கள். காகிதத் தட்டில் யாரோ செய்த ஹாம் சாண்ட்விச்சை வைத்துக்கொண்டு டெல்மர் சுவரோரமாக நின்றான். நாற்பது வருடத்தில் முதல் தடவையாக அந்த ஊரின் சாவுச் சாப்பாட்டை அவன் விருந்தாளியாகச் சாப்பிட்டான்.  லொரெய்ன் தானாகவே அவனிடம் வந்து கையைத் தொட்டார்.

"ஒனக்கு வேல ஜாஸ்தி இருக்கும்னு நெனச்சோம் டெல். வெளியூர் ஆளுங்கல்லாம் வர்றாங்களே. ஒன்னத் தொந்தரவு பண்ண வேணாம்னுதான்…"

அந்த அம்மாள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னார். அதைத்தான் டெல்மரால் தாங்க முடியவில்லை. சொல்ல வேண்டிய நாலு வார்த்தை அவன் வாய்வரைக்கும் வந்தது. அதற்குள் பாதிரியார் வந்து லொரெய்னை அழைத்துப் போய்விட்டார்.

மார்ச் மாதம் ஆர்டிஸ் மணிக்கட்டில் ஆபரேஷன் செய்துகொண்டு ஓ கிளேர் என்ற ஊரில் தங்கை வீட்டில் பத்து நாள் இருந்தாள். கை மரத்துப்போய் ஒரு வருடமாகவே அவளால் கார்டு எழுத முடியவில்லை. தனியாக இருந்த அந்தப் பத்து நாளில்தான் டெல்மருக்கு அந்த யோசனை வந்தது. வாயால் சொல்ல வராததைத் தபாலில் சொல்லிவிடலாம். இப்போதெல்லாம் அதற்கென்றே கம்பெனி இருக்கிறது. விலாசம் கொடுத்தால் போதும், பெயர் போட்டு அச்சடித்து, தபால்தலை ஒட்டி அவர்களே அனுப்பிவிடுவார்கள். அவன் செருப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசா நகரத்தில் இருந்த அப்படி ஒரு கம்பெனிக்கு வண்டியை விட்டான்.

"எல்லாருக்கும் அனுப்பணுமா?" என்று மேஜைக்குப் பின்னாலிருந்த பையன் கேட்டான்.

"எல்லாருக்கும்."

"ஏதாச்சும் நீக்கணுமா? ஒரு தடவ பாத்துடுறீங்களா?"

"என் பொண்டாட்டி வெச்ச பெட்டி. எல்லாம் சரியாத்தான் இருக்கும்," என்றான் டெல்மர் பெருமையாக.

ஆர்டிஸ் திரும்பி வந்தபோது பெட்டி பழைய இடத்தில் இருந்தது. அவளைச் சந்தோஷப்படுத்தலாம் என்று அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆட்கள் திரும்பி வந்து வாசல் நிறையும்போது அவளே பார்க்கட்டும் என்று இருந்தான்.

ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை. ஏரியில் பனிக்கட்டி இன்னும் முழுக்க உடையவில்லை. சாப்பிட மூன்று மேஜையில் ஆள் இருந்தது. சரியாக நாலரைக்குக் கதவு திறந்தது. லொரெய்ன் டோர்ன் வந்தார், தனியாக, சர்ச்சுக்குப் போடுகிற நீலக் கோட்டில். ஆர்டிஸ் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். லொரெய்ன் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு நேரே மூலை மேஜைக்குப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அடுப்படி ஜன்னல் வழியாக டெல்மர் அதைப் பார்த்தான். கார்டு வேலை செய்துவிட்டது என்றுதான் நினைத்தான். ஆண்டவனே, வந்துவிட்டார்கள் என்று நினைத்தான்.

"ரெண்டு மீன் கேக்குறாங்க," என்றாள் பரிமாறும் பெண். அவள் முகம் சரியில்லை.

டெல்மர் கவனிக்கவில்லை. இருப்பதிலேயே நல்ல துண்டுகளாகப் பார்த்து எடுத்தான். பத்து மாதத்துக்குப் பிறகு தன் கையாலேயே காய்த்தட்டு அடுக்கினான். இரண்டு தட்டையும் தானே தூக்கிக்கொண்டு போனான். பக்கத்தில் போன பிறகுதான் எதிர் நாற்காலிக்கு முன்னால், உப்புச் சிமிழில் சாய்த்து வைத்திருந்த அந்தக் கார்டு அவன் கண்ணில் பட்டது. வழவழப்பான தாள். பிர்ச் பாயின்டின் படம். அதற்குக் கீழே பெரிய எழுத்தில்:

ஆல்வின்! உங்களைக் காணாமல் ஏங்குகிறோம். உங்கள் மேஜை காத்திருக்கிறது. வந்து மீன் சாப்பிடுங்கள், இருவருக்கும் இலவசம்!

 ஆர்டிஸ் பின்னால் வந்து நின்று படித்தாள். அவள் மூச்சை இழுத்த சத்தம் அவனுக்குக் கேட்டது.

"வெய்யி டெல்," என்றார் லொரெய்ன். "ஒண்ணு இங்க. ஒண்ணு அங்க."

வைத்தான்.

"லொரெய்ன், நான்… சத்தியமா எனக்குத் தெரியாது. அந்தக் கம்பெனிக்காரன்…"

"பரவாயில்லன்னு சொல்லத்தான் வந்தேன்," என்றார் லொரெய்ன். "வண்டியில வரும்போதே சொல்லிப் பாத்துக்கிட்டேன். வாய்ல வரமாட்டேங்குது டெல். எழுவத்திரெண்டு வயசாச்சு, ஒருத்தர்கிட்டகூட சொல்லாம இருந்ததில்ல. ஒங்கிட்ட வரல."

அந்த அறையில் மூன்று மேஜைக்காரர்களும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

"அவரு வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நாலு மணிக்கு ஜாக்கெட்ட மாட்டிக்குவாரு. தெரியுமா ஒனக்கு? மாட்டிக்கிட்டு அடுப்படி நாக்காலியில ஒக்காருவாரு. 'போலாமா லொரெய்ன்'னு கேப்பாரு. 'போலாமே'ன்னு நானும் சொல்லுவேன். அப்புறம், 'நாம போனா டெல்லுக்கு ஒரு மேஜ கொறயும். அவனுக்கு நல்லா ஓடுது, ஓடட்டும்'பாரு. அந்தச் சங்கத்துக்குப் போயி அந்தக் கண்றாவி மீனத் தின்னுட்டு வருவோம். ஒருநா ஒன்னப் பத்தி ஒரு வார்த்த தப்பா பேசினதில்ல அந்த மனுஷன். அதான் எனக்கு ஆத்திரமா வருது."

லொரெய்ன் தன் தட்டை முழுக்கச் சாப்பிட்டார். நிதானமாக, ரொட்டியின் கடைசித் துண்டுவரைக்கும். எதிர்த் தட்டில் மீன் ஆறிக்கொண்டிருந்தது. எழுந்து பர்ஸைத் திறந்து இரண்டு சாப்பாட்டுக்கும் முழு விலையை மேஜைமேல் வைத்தார்.

"ஐயோ, வேண்டாம்! இதுக்குப் போய்…" என்றாள் ஆர்டிஸ்.

"சலுக புது ஆளுங்களுக்குத்தானம்மா," என்றார் லொரெய்ன். கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு போனார். கார்டை எடுத்துக்கொள்ளவில்லை.

ஆறு மணிக்கெல்லாம் கடைசி ஆளும் போனதும் ஆர்டிஸ் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பிறகு கேட்டாள்.

"பெட்டிய எடுத்தியா?"

அவன் தலையை ஆட்டினான்.

"பூராவையுமா?"

"பூராவும்தான். ஏன்?"

அவள் செருப்புப் பெட்டியைக் கொண்டுவந்து மூலை மேஜையில் வைத்தாள். கட்டுப்போட்ட கையால் கடைசியில் இருந்த ஒரு அட்டைத் தடுப்பைக் காட்டினாள். அதற்குப் பின்னால் ஒரு கொத்துச் சீட்டு.

"செத்தவங்க சீட்டக் கிழிக்க எனக்கு மனசு வர்றதில்ல. பின்னால தள்ளி வெப்பேன். இது எல்லாம் போனவங்க டெல்."

பத்தொன்பது பேர். டெல்மர் ஒவ்வொன்றாகப் படித்தான். நார்மாவின் மகன், பத்தொன்பது வயதில் வண்டி கவிழ்ந்து போனவன். ஸ்விட்டாலா சகோதரர்களின் அம்மா. ஓரின் கில்பெர்ட்சன். ஆல்வினின் சீட்டு மட்டும் தடுப்புக்கு முன்னாலேயே இருந்தது. ஆர்டிஸுக்கு அதைப் பின்னால் தள்ள இன்னும் மனம் வந்திருக்கவில்லை.

வாசாவுக்குப் போன் செய்தான். பையன் தணிவாகத்தான் பேசினான். "குடும்பப் பேரோட இங்கிலீஷ் எழுத்து வரிசைப்படி கட்டுக்கட்டா அனுப்புறோம் சார். எஃப் வரைக்கும் போன வாரமே போயிடுச்சு. மிச்சமும் தபால்ல ஏத்திட்டோம். இன்னிக்கோ நாளைக்கோ போய்ச் சேரும். ஏன் சார், நல்லா வரலியா?"

அந்த இலையுதிர்காலத்தில் பிர்ச் பாயின்ட் மூடப்பட்டது. இப்போது அங்கே யாரோ படகு நிறுத்திவைக்கிறார்கள். ஆனால் கடை போனதைப் பற்றி டெல்மர் அவ்வளவாகப் பேசுவதில்லை. பேசினால் அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றித்தான் பேசுவான். அன்று போனை வைத்துவிட்டு அவன் கோட்டை எடுத்து மாட்டினான்.

"எங்க?" என்றாள் ஆர்டிஸ்.

"வீடு வீடாத்தான்."

வெளிச்சம் இன்னும் இருந்தது. முதலில் வந்தது கில்பெர்ட்சன் வீடு. வழி முழுக்க அவன் நாலு வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். 'ஒரு கார்டு வரும் வயோலா. பிரிக்காதீங்க. என் தப்பு.' இவ்வளவுதான். இதைச் சொல்ல எந்த மனிதனாலும் முடியும். இதே நாலு வார்த்தையோடு ஜனவரியில் ஆல்வின் வீட்டுக்குப் போயிருக்கலாம். கதவைத் தட்டினான்.

வயோலா கதவைத் திறந்தார். அவனை அந்த வாசலில் பார்த்ததில் அந்த அம்மாளுக்கு ஆச்சரியம். இருபது வருடத்தில் அவன் அங்கே வந்ததே இல்லை.

"வயோலா, ஒரு கார்டு வரும்," என்றான் டெல்மர். முதல் தடவையாக வார்த்தை தடங்கலில்லாமல் வந்தது. "ஓரின் பேருக்கு. அதப் பிரிக்காதீங்க. தப்பு என்மேலதான். தெரியாம பண்ணிட்டேன், என்ன மன்னிச்சிடுங்க."

 வயோலாவின் கண் சிவந்திருந்ததை அப்போதுதான் அவன் கவனித்தான். பின்னால், சாப்பாட்டு மேஜையில், விளக்குக்கு அடியில் வழவழப்பான ஒரு தாள் கிடந்தது.

"மத்தியானமே வந்துடுச்சு டெல்," என்றார். "பரவாயில்ல."

டெல்மர் மறுபடி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான்.

"பரவாயில்ல, பரவாயில்ல," என்று சொல்லிவிட்டு வயோலா மெதுவாகக் கதவைச் சாத்தினார்.